லிட்டருக்கு எத்தனை பேர்

தொட்டிக்காட்டுக்கு ரோடு பிரிகிற இடத்தில், அதாவது தொட்டிக்காட்டுப் பிரிவில், தினமும் காலையில் ஒரு கூத்து நடக்கும். சோமனூர்ப் பக்கமிருந்து முருகவேலின் கார் இருமிக்கொண்டே வந்து வேப்பமரத்தடியில் நிற்கும். நின்றால் அணைந்துவிடும். அணைந்தால் லேசில் கிளம்பாது. அதனால் அங்கே காத்திருக்கிற பெண்கள் சாப்பாட்டுப் பைகளை உள்ளே வீசிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய்க் கை வைப்பார்கள்.

"தள்ளுங்க புள்ளைகளா! ராத்திரி ஊட்ல சோறு திங்கலையா அல்லாரும்?" என்று பொன்னாத்தாள் அதட்டுவாள்.

"நீங்க தள்ளறீங்களா, சாஞ்சுட்டு நிக்கறீங்களாக்கா?" என்பாள் அன்புசெல்வி.

எல்லாரும் சிரிக்கிற சிரிப்பிலேயே வண்டி பாதி தூரம் நகர்ந்துவிடும். புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியதும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். பதினெட்டு வயதான டீசல் கார் அது, எட்டுப் பேர் உட்காரலாம். முன்னால் முருகன் படம், சீட்டுக்கடியில் துணி மூட்டை, ஜன்னலோரம் யாரோ செருகி வைத்த சீப்பு. உள்ளே ஏறினால் மெஷின் எண்ணெயும் மல்லிகைப் பூவும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். வேலம்பாளையம் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒருத்தி இட்லியை முடித்திருப்பாள், ஒருத்தி தூங்கி விழுந்திருப்பாள், ஒருத்தி மாமியாரை வறுத்து எடுத்திருப்பாள்.

முருகவேலுக்கு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே இருபது தையல் மெஷின். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுக்கும் வேலை. அவருடைய அப்பா காலம் வரை சோமனூரில் தறி ஓட்டிய குடும்பம். முருகனைக் கேட்காமல் எதையும் செய்யாத குடும்பம். இப்போதும் வீடு சோமனூரில்தான். எப்படியும் அவர் தினமும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போது தையல்காரிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தால் வேறு கம்பெனிக்குப் போக மாட்டார்கள் என்று ஆரம்பித்ததுதான் இந்த வண்டி ஏற்பாடு. தர்மத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களுக்கு அது தர்மத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அன்புசெல்விக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. அவள் புருஷன் செல்வக்குமார் லாரிக்குப் போனவன், போனவன் போனவன்தான். ஒரே மகள் நித்யஸ்ரீ பிளஸ் டூ படிக்கிறாள். "என்ற புள்ள பனியன் கம்பெனி வாசப்படிய மிதிக்கக் கூடாதுக்கா. நர்சுக்குப் படிக்க வெச்சுப்போடோணும்" என்று பொன்னாத்தாளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். பிரிவுக்கு வருகிற முதல் பஸ்ஸுக்குப் போனால் மகளுக்குச் சோறாக்க நேரமிருக்காது. அடுத்த பஸ் படிக்கட்டு வரை வழிந்துகொண்டு வரும், பாதி நாள் நிற்கவே நிற்காது. தாமதமாகப் போனால் கால் ஷிப்ட் சம்பளம் போச்சு. கார் இருந்ததால்தான் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரத்துக்கு மெஷினில் உட்கார முடிந்தது, வேலை முடிந்து பயமில்லாமல் வீட்டுக்கும் வர முடிந்தது. அந்தப் பழைய டப்பாவின் நான்கு சக்கரத்தின் மேல்தான் அவளுடைய பிழைப்பும் மகளின் படிப்பும் ஓடிக்கொண்டிருந்தன.

இது முருகவேலுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவர் காதில் அப்போது வேறு ஒரு வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. மைலேஜ்!

வேலம்பாளையத்தில் முதலாளிகள் கூடுகிற இடம் பேக்கரி. காலை பதினொரு மணி டீக்கு அங்கே வராதவன் முதலாளியே இல்லை. ஆர்டர் இல்லை, நூல் விலை ஏறிப்போச்சு, ஆள் கிடைக்கவில்லை என்று அழுதுவிட்டுக் கடைசியில் எல்லாரும் காரில் வந்து நிற்பார்கள்.

"எம்மட்டுக் குடுக்குதுங்கண்ணா உங்க வண்டி?" என்று கேட்டார் கிட்டுசாமி. அடுத்த தெருவில் இதே மாதிரி கம்பெனி வைத்திருக்கிறவர். அவரும் ஒரு பழைய வேனில்தான் மங்கலத்துப் பக்கத்துப் பெண்களை ஏற்றி வருகிறார்.

"எதுங்க, மைலேஜா? லிட்டருக்கு ஒம்பது குடுக்கும்."

"ஒம்பதா? அது காருங்களா, ரைஸ்மில்லுங்களா?"

பேக்கரியே சிரித்தது. முருகவேலும் சிரித்தார், ஆனால் டீ கசந்தது.

"இப்ப வர்ற சின்ன வண்டி எல்லாம் இருபத்திமூணு குடுக்குதாமுங்க. ஏசி போட்டுட்டே போலாம். டேங்க்க ரொப்பி, ஓட்டிப் பாத்து, மறுபடி ரொப்பிப் பாருங்க. உங்க வண்டி எவ்வளவு குடிக்குதுன்னு அப்பத் தெரியும்" என்றார் கிட்டுசாமி.

முருகவேல் அப்படியே ரொப்பிப் பார்த்தார். ஏழு பெண்களும் மூட்டைகளும் ஏறிய வண்டியில், மேடும் பள்ளமும் பார்க்காமல், அக்கறையாகச் சோதனை செய்தார். ஒன்பதுகூட இல்லை, எட்டரை. அன்றிலிருந்து அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தன் சட்டைப் பையில் ஓட்டை போட்டுவிட்ட மாதிரி அவருக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு அது மட்டுமா காரணம்? இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் அவிநாசியில் ஒரு நிச்சயதார்த்தம். மண்டபத்து வாசலில் வரிசையாகப் புதுக் கார்கள். அதற்கு நடுவில் இது போய் இருமி நின்றது. மனைவி சத்யப்பிரியா இறங்கும்போது பட்டுச் சேலையில் மெஷின் எண்ணெய் அப்பியிருந்தது. அவளுடைய தங்கை புருஷன் வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க சகலை! ஆளுக ஏத்தற வண்டியிலயே வந்துட்டீங்களாட்டிருக்குது?"

அவ்வளவுதான். சத்யப்பிரியா வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வந்ததும் திறந்தாள்.

"ஏனுங்க, ஊர்ல கண்டவங்க உக்காந்து வர்ற சீட்டுல நானும் உக்காரோணுமா? ஒரு நல்லது கெட்டதுக்கு நாலு பேரு முன்னாடி எறங்க முடியுதா? எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு."

"அதுக்கில்ல சத்யா. மைலேஜும் குடுக்க மாட்டேங்குது. மாத்தித்தான் ஆகோணும்" என்றார் முருகவேல்.

பார்த்தீர்களா, எவ்வளவு நாசூக்காக அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது! வெட்கமாக இருக்கிறது என்று எந்த மனுஷன் சொல்லுவான்? மைலேஜ் என்றால் கணக்குத் தெரிந்த ஆள் என்று பெயர் கிடைக்கும்.

கார் மாறப்போகிற பேச்சு கம்பெனிக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? அந்த வாரமே, வேலை முடிந்து திரும்பும்போது, முன் சீட்டிலிருந்த அன்புசெல்வி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு புள்ள."

"டீசலுக்கு நெம்ப ஆகுதுன்னு பேசிக்கறாங்க. நாங்க அல்லாரும் பேசி வெச்சிருக்கோமுங்க. பஸ்ஸுக்குக் குடுக்கற காச உங்களுக்கே குடுத்தர்றோமுங்க. வாரச் சம்பளத்துல புடிச்சுக்கங்க. இந்த வண்டி வந்தாப் போதுங்கண்ணா."

பின்னால் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். முருகவேல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"என்னைய மினிபஸ் கண்டக்டருன்னு நெனச்சியா? ஆளுககிட்ட டீசலுக்குக் காசு வாங்கறான் முருகவேலுன்னு ஒருத்தன் சொன்னா நான் வெளிய தல காட்ட முடியுமா? சோத்துக்கு வழியில்லாமயா கம்பெனி நடத்தறேன்?"

"அய்யோ, தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நீங்க செரமப்படறீங்களேன்னு..."

"அந்தப் பேச்ச இத்தோட உடு."

உட்டார்கள். வண்டியும் நின்ற இடத்தில் அணைந்து போயிருந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களின் கௌரவம் இப்படித்தான். கைநீட்டிக் காசு வாங்கினால் மானம் போய்விடும். அந்த மானத்தைக் காப்பாற்ற, காசு கொடுக்க வந்தவளை ரோட்டில் விட்டுவிட்டுப் போகலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. முருகவேல் கெட்ட மனுஷர் அல்ல. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்து ஓய்வாக உட்காரச் சொல்லுவார். கொடுக்கத் தெரிந்த ஆள்தான், வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் சரி புள்ள, அப்படியே செய்யலாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குடும்ப வழக்கப்படி முருகனிடம் பூக்கேட்கப் போனார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, மனதில் நினைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சத்யப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

"நெனப்புல கொழப்பமுங்க. காரு எந்தக் கலருன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. பூசாரி தலையைச் சொறிந்தார். "இன்னைக்கு நாளு செரியில்லீங்க, வெள்ளிக்கிழமை வந்து பாருங்க" என்றார். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டதில் வெள்ளை வந்தது. பாவம், முருகன்தான் எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லுவான்!

சனிக்கிழமை சம்பள நாள். பெண்களைப் பிரிவில் இறக்கிவிட்டுத்தான் முருகவேல் சொன்னார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கெழமையிலிருந்து பஸ்ஸுல வந்துக்கங்க. கொஞ்ச நாளைக்கித்தான். வேன் ஒண்ணு பேசிட்டிருக்கேன்."

 பொன்னாத்தாள் திரும்பி வந்து, ஜன்னலோரம் செருகியிருந்த சீப்பையும், சீட்டுக்கடியில் கிடந்த பழைய குடையையும் எடுத்துக்கொண்டாள். அன்புசெல்வி முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வேன் கடைசிவரை வரவில்லை.

புதுக் கார் வெள்ளையாக, வழுவழுவென்று வந்தது. ஐந்து சீட். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி, சந்தனம் வைத்தார்கள். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். சீட்டுகளுக்குக் கார் கம்பெனியில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்று சத்யப்பிரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஒரு வருசத்துக்காச்சும் புதுசு மாதிரியே இருக்கோணுமுங்க." உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும், முதுகு வேர்க்கும். வேர்த்தாலும் பெருமைதான்.

திங்கட்கிழமை காலை பிரிவைத் தாண்டும்போது ஏழு பேரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். முருகவேல் கையைத் தூக்கிக் காட்டினார். அவர்களும் சிரித்துக் கை காட்டினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து அவர் கை காட்டவில்லை, போனில் பேசுகிற மாதிரி போனார். அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேரே பார்த்துப் போகப் பழகிக்கொண்டார். நாலு சீட் காலியாகத்தான் போயிற்று. நிறுத்தலாமா என்று தோன்றாமலில்லை. ஆனால் நாலு பேரை ஏற்றினால் மூன்று பேரை விட வேண்டுமே, அது பாரபட்சம் ஆகாதா? இப்படி நியாயம் பேசிக்கொண்டு எல்லாரையும் விட்டுவிட்டுப் போனார்.

ஏழு பேரில் இரண்டு பேர் வேலையை விட்டே நின்றுவிட்டார்கள். ஒருத்தி பக்கத்துத் தறிக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் கடன் வாங்கி மொபெட் எடுத்தார்கள். பொன்னாத்தாளும் அன்புசெல்வியும் மட்டும் பஸ்ஸை நம்பி நின்றார்கள். பஸ் நிற்காத நாளில், துணி ஆலைப் பக்கமிருந்து ரோல் ஏற்றிக்கொண்டு வருகிற குட்டியானை என்ற சின்னச் சரக்கு வண்டிக்குக் கை காட்டுவார்கள். டிரைவர் நல்ல பையன், ரோல்களின் மேல் ஏறி உட்காரச் சொல்லுவான். சரக்கு வண்டியில் ஆள் ஏறக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். கால் ஷிப்ட் சம்பளம் போனால் மகளின் புத்தகத்துக்கு என்ன செய்வது என்பதும் அன்புசெல்விக்குத் தெரியும்.

முருகவேலுக்குப் புதுக் காரில் ரொம்பப் பிடித்தது அந்தத் திரைதான். ஸ்டியரிங்குக்கு முன்னால், லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அதுவே காட்டும். ஒரே வேகத்தில் போனால் எண் ஏறும். பிரேக் போட்டால் இறங்கும். குழந்தை விளையாட்டுப் பொருளைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். "இன்னைக்கு இருபத்திமூணு புள்ளி எட்டுங்க!" என்று பேக்கரியில் போய்ச் சொல்லுவார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை லேசாகத் தூறல். ரோட்டோரம் எல்லாம் சேறு. மங்கலத்துக்கு முன்னால் ஒரு குட்டியானை துணி ரோலோடு நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு பேர், ஒரே குடைக்குள். குடையைப் பார்த்ததும் முருகவேலுக்குத் தெரிந்துவிட்டது. தன் பழைய காரில் சீட்டுக்கடியில் கிடந்த குடை அது.

அன்புசெல்வியும் அவரைப் பார்த்துவிட்டாள். தூறலுக்குள் கையை உயர்த்தி வணக்கம் வைத்தாள்.

நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று அந்த நிமிடம் அவர் நினைத்தது நிஜம். நனைந்த சேலை, சேற்றுக்கால், வீட்டில் சத்யப்பிரியாவின் முகம் என்று அடுத்தடுத்து நினைத்ததும் நிஜம். அதற்குள் திரையில் எண் இறங்க ஆரம்பித்துவிட்டது. இருபத்திமூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று. இந்த நத்தைக்குப் பின்னால் போனால் அவ்வளவுதான். ஹாரன் அடித்தார். மறுபடி அழுத்தி அடித்தார்.

குட்டியானைக்காரப் பையன் பெரிய மனுஷர் கார் என்று பயந்து இடது பக்கம் ஒதுங்கினான். இடது சக்கரம் தார் ரோட்டிலிருந்து நழுவிச் சேற்றில் இறங்கியது. முருகவேல் முந்திப் போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு துணி ரோல் ரோட்டில் உருண்டு, வெள்ளையாகப் பிரிந்துகொண்டே வந்தது. குடை தனியாகக் கிடந்தது. பொன்னாத்தாளின் கத்தல் ஏற்றிய கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

காரை நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினார். ரோலோடு சரிந்து விழுந்த அன்புசெல்வியின் வலது கால், முழங்காலுக்குக் கீழே, பின் சக்கரத்தின் அடியில் இருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். அவளை அள்ளிக்கொண்டு வந்து தன் காரின் பின் சீட்டில் கிடத்தினார். பொன்னாத்தாள் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் புதுக் காரில் அவர்கள் ஏறியது அன்றைக்குத்தான்.

வழியில் அன்புசெல்வி கண் திறந்தாள். "அண்ணா... சீட்டெல்லாம் கறையாயிருமுங்கண்ணா..." என்றாள்.

"கவர் போட்டிருக்குது புள்ள. ஒண்ணும் ஆவாது, நீ கம்முனு படு" என்றாள் பொன்னாத்தாள். அழுதுகொண்டே சொன்னாள். 

உயிர் தங்கியது, கால் தங்கவில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவள் பெயர் கம்பெனியின் எந்தப் பதிவிலும் கிடையாது. சின்னக் கம்பெனிகளில் யார் பெயர்தான் இருக்கிறது? சரக்கு வண்டியில் ஏறியது அவள் தப்பு என்று போலீஸ்காரர் சொன்னார். சேற்றில் இறக்கியது குட்டியானைக்காரன் தப்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஹாரன் அடித்ததை யாரும் தப்பென்று சொல்லவில்லை. முருகவேல் யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார். ஒருவரும் சொல்லாதது அவருக்கு இன்னும் பெரிய தண்டனையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து காரின் பின் கதவைத் திறந்து அந்த உறையைக் கழற்றினார். கீழே சீட் ஷோரூமிலிருந்து வந்தபடியே பளிச்சென்று இருந்தது. ஒரு சொட்டுப் படவில்லை. சத்யப்பிரியா வாளியில் தண்ணீரோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முருகவேல் அந்தச் சுத்தமான சீட்டின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே பழைய காரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஓடினார். இரட்டை விலை கொடுக்கவும் தயாராகப் போனார். விசாரித்து விசாரித்து ஒரு பழைய இரும்புக் கிடங்கில் போய் நின்றது தேடல்.

"அந்த டீசல் வண்டிங்களா? அத அறுத்துப் பல நாளாச்சுங்களே. சாமி படம் ஒண்ணு இருந்துச்சு, அத மட்டும் எடுத்து வெச்சிருக்கோமுங்க. வேணுங்களா?" என்றார் கிடங்குக்காரர்.

வாங்கிக்கொண்டு வந்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் படம் அவர் பையிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் கொடுத்த பணத்தை அன்புசெல்வி வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? திட்டவுமில்லை. "உங்க மேல என்னங்கண்ணா தப்பு? என்ற நேரம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, போர்வைக்குக் கீழே கால் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, "இனி மெஷின் பெடல மிதிக்க முடியாதுங்களே" என்றாள்.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, முருகவேல் பிரிவில் காரை நிறுத்தினார். வேப்பமரத்தடியில் பொன்னாத்தாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். கிட்டே போன பிறகுதான் நித்யஸ்ரீ என்று தெரிந்தது. பள்ளியை விட்டுவிட்டாளாம். வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிர் நூலை வெட்டப் போகிறாளாம்.

அவர் இறங்கிப் பின் கதவைத் திறந்தார். "ஏறு கண்ணு. நானே கொண்டுபோய் உடறேன். தினமும் உடறேன். படிக்கறதுன்னாலும் நான்..."

"வேண்டாமுங்க. பஸ் வந்துரும்" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"பொன்னக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"என்னங்க சொல்றது? அவளுக்கு அந்த சீட்டப் பாத்தா அவங்கம்மா படுத்திருந்ததுதானுங்களே நெனப்பு வரும்" என்றாள் பொன்னாத்தாள். அவளும் ஏறவில்லை.

பஸ் வந்தது. அன்றைக்கு நின்றது. இரண்டு பேரும் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார்கள். முருகவேல் திறந்த கதவோடு நின்றார்.

அன்று பேக்கரியில் கிட்டுசாமி உற்சாகமாக இருந்தார்.

"அண்ணா, நானும் முடிவு பண்ணிட்டனுங்க. மங்கலத்துப் புள்ளைகள ஏத்தற என்ற வேன் பத்துகூடக் குடுக்க மாட்டேங்குது. உங்க காரு மாதிரியே ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். நெசமாலுமே இருபத்திமூணு குடுக்குதுங்களா?"

முருகவேல் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"குடுக்குதுங்க. அதுல பொய்யே இல்ல. ஆனா நானும் நீங்களும் கேள்விய பாதியில நிறுத்திப்போட்டோமுங்க. லிட்டருக்கு எத்தன கிலோமீட்டருன்னு கேட்டோம். லிட்டருக்கு எத்தன பேருன்னு கேக்கவேயில்ல. பழைய வண்டி எட்டரைதான் குடுத்துச்சு, ஆனா எட்டுப் பேரச் சொமந்துச்சு. இது இருபத்திமூணு குடுக்குது, என்னைய ஒருத்தனத்தான் சொமக்குது. மிச்சம் ஏழு பேரு என்ன பண்ணுனாங்க? பஸ்ஸுல தொங்குனாங்க, கடன வாங்கி மொபெட் எடுத்தாங்க, சரக்கு வண்டியில ஏறுனாங்க. நான் எண்ணெய மிச்சம் பண்ணலீங்க. என்ற செலவ அவங்க தலையில எறக்கி வெச்சுட்டு, அதுக்கு மிச்சமுன்னு பேரு வெச்சேன்."

முருகவேல் கிட்டுசாமியின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டு தொடர்ந்தார்.

"அந்தப் புள்ள காசு தர்றோமுன்னு சொல்லுச்சுங்க. வாங்குனா மானம் போயிருமுன்னு நெனச்சேன். அவள நடுரோட்டுல உட்டப்பத்தான் போச்சு என்ற மானம். உங்க வேன விக்காதீங்க. செலவாகுதுன்னா ஆளுககிட்டச் சொல்லுங்க, பங்கு போட்டுக்கங்க. நம்ம மிச்சமுங்கறது அடுத்தவங்க கால ஒடிச்சு எடுக்கறதா இருக்கக் கூடாதுங்க, கிட்டு."

கிட்டுசாமி தலையைக் குனிந்துகொண்டு பன்னைப் பிய்த்தார். 

"நீங்க சொல்றது நெம்பச் செரிங்கண்ணா. கேக்கவே மனசு என்னமோ பண்ணுது" என்றார் கடைசியில். "ஆனா ஊட்ல அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே. இனி எப்படிங்க வேண்டாமுங்கறது?"

தை பிறந்தது. முதல் திங்கட்கிழமை முருகவேல் காரில் வரும்போது மங்கலத்துப் பிரிவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். சாப்பாட்டுப் பையோடு, புதிதாக ஆறு பெண்கள்.